மூன்றாவது முறையும் சிவப்புப் பூ

அம்மனை நம்புகிற உங்களிடம் முதலில் என் கோபத்தைத்தான் சொல்ல வேண்டும். அவள் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் விளக்கேற்றாமல் இருந்தவள் நான்.

தொண்ணூற்று நான்காம் வருடம், மாசி மாதம். சோமனூரில் என் வீட்டுக்காரர் மோட்டார்களுக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன கிணற்று மோட்டார்களைத் தோட்டத்துக்காரர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது யார்? உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் நான். கல்யாணமாகி வந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை. ஆனால் "பழனிச்சாமி கட்டுன காயில் கருகவே கருகாதுங்க" என்றுதான் ஊரே சொல்லும். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். எனக்கு வயிறு எரியும்.

அந்த மாசியில், பீளமேட்டில் மோட்டார் கம்பெனி நடத்தும் ஒருவர் கடைக்கு வந்தார். நான் சுற்றுவதை வெகுநேரம் நின்று பார்த்தார். புதிதாக எட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்திருப்பதாகவும், அவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வர வேண்டும் என்றும் கேட்டார். சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "மாகாளியம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாங் கண்ணு" என்றார். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் காலெடுத்து வைக்க மாட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. மீதிப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை.

அவருடைய அக்கா, என் நங்கையாள், பொட்டலம் கட்டினார். சிவப்பு வந்தது. பங்குனியில் மறுபடி கேட்டோம். அப்போதும் நங்கையாள்தான் கட்டினார். மறுபடியும் சிவப்பு.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேச முடியவில்லை. பாத்திரங்களை நங்கென்று வைத்தேன். "கையில வேலையக் குடுத்துப்போட்டு உள்ளறையிலயே பூட்டி வெச்சிருக்கறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று அம்மனையே கேட்டேன். போதாதென்று நங்கையாள் மேல் சந்தேகம். நான் வெளியே போவது பொறுக்காமல் இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டியிருப்பார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அன்று அழுதுகொண்டே வேண்டினேன்: "தாயே, என்னையத் தடுக்கறது யாருன்னு மட்டும் காட்டு."

சித்திரையில் மூன்றாம் முறை. இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். இந்த முறை நான்தான் கட்டுவேன் என்று பூக்களைப் பிடுங்கிக்கொண்டேன். எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளை வந்துவிட்டால்? அத்தனை பெண்கள் முன்னால் நான் கட்டிய மோட்டார் புகைந்தால்? உள்ளறையில் தப்பு நடந்தால் கெடுவது என் வீட்டுக்காரர் பெயர். அங்கே கெடப்போவது என் பெயர். வெள்ளைப் பூவை முந்தானைக்குள் திணித்துக்கொண்டு, இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

குழந்தை எடுத்தது. சிவப்பு. ஏமாந்துபோனவள் போல வாயைப் பொத்திக்கொண்டு அழவும் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்தால் மற்றதை எழுதிப் பயனில்லை.

நங்கையாளுக்குப் பொறுக்கவில்லை. பூசாரி தடுப்பதற்குள் மீதிப் பொட்டலத்தை எடுத்துவிட்டார். "இன்னிக்கு நீயேதான கட்டுன? இதுல வெள்ளப்பூ இருக்குதில்ல? இருந்தும் ஆத்தா செவப்பத்தான குடுத்தா? அன்னிக்கும் அப்பிடித்தான். எல்லாரும் பாக்கட்டு!" என்று பிரித்தார்.

உள்ளேயும் சிவப்பு.

பூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் அம்மணி, இப்பிடிச் செஞ்சுபோட்ட?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. நான் கேட்ட கேள்விக்கு அம்மன் அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லிவிட்டாள். என்னைத் தடுத்தவள் நான். வெளியே போகாதவரை, பிறர் தடுத்து வைத்திருக்கும் கெட்டிக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொள்ளலாம். போனால் நிஜம் தெரிந்துவிடும். அந்தப் பயத்தை மறைக்க அடுத்தவர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

நங்கையாள் காலில் விழுந்தேன்.

"மறுக்காப் பூக் கேக்கலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேண்டாமுங்க. நான் போறனுங்க."

"தப்பாயிட்டா?"

"உருவிப்போட்டு மறுக்காக் கட்டறனுங்க."

முதல் வாரமே தப்பாகத்தான் ஆனது. எட்டுப் பெண்களும் பார்க்க மோட்டார் குப்பென்று புகைந்தது. ஒருத்தி சிரித்தேவிட்டாள். கழிவறைக்குள் போய் அழுதேன். திரும்பி வந்து, கம்பியை உருவி, அவர்கள் முன்னாலேயே மறுபடி கட்டினேன். இன்று ஐந்து வருடமாகிறது. நான் கற்றுக்கொடுத்தவர்கள் இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

முதல் இரண்டு முறை ஏன் சிவப்பு கொடுத்தாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அந்தக் கோபம் கொஞ்சம் மீதி இருக்கிறது. ஆனாலும் தினமும் விளக்கேற்றுகிறேன், நன்றியோடுதான்.

வழி விடவில்லையே என்று நீங்களும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால், தாராளமாகப் போடுங்கள், அவள் தாங்குவாள். அதோடு, தடுப்பது யார் என்றும் கேளுங்கள். பதில் வரும்போது மட்டும் ஓடிவிடாதீர்கள். ஓடப் பார்த்தவள் சொல்கிறேன்.