அக்காவுக்கு ஒரு மத்தியானம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே நான் குடியிருக்கும் சத்வாவில் வெயில் நாற்பத்திரண்டு பாகையைத் தொட்டிருந்தது. நான் கம்பளிக் கோட்டுத் தேடிப் புறப்பட்டேன்.

என்னைப் போல வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு லீவு என்றால் ஜூலைதான். வெயிலுக்குத் தப்பி ஓடுகிற மாதம். அந்தப் பழக்கத்தில் மெல்பேர்னுக்கும் ஜூலையிலேயே டிக்கெட் போட்டுவிட்டேன். ஆஸ்திரேலியாவில் அது நடுங்கும் குளிர்காலம் என்பது பிறகுதான் உறைத்தது.

பார்க்காத ஊரைப் பற்றிப் படிப்பதில் எனக்குப் பைத்தியம். அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். சாப்பாட்டு நேரம் முழுவதும் போனில் மெல்பேர்ன்தான் ஓடும். நகர நடுவில் டிராம் இலவசம். மாநில நூலகத்தில் எண்கோண வடிவில் ஒரு வாசிப்பறை, அதன்மேல் பிரம்மாண்டமான குவிமாடம். சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய ஒரு சந்து. நேற்றைய ஓவியத்தின்மேல் இன்று வேறொருவர் தீட்டிவிட்டுப் போவாராம். என் ஒரு கிழமை லீவின் ஏழு நாளும் இப்படி நிரம்பிவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் அறையும் பிடித்தேன்.

அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில், டான்டெனோங்கில், என் அக்கா இருக்கிறாள். பருத்தித்துறையிலிருந்து கலியாணம் கட்டிப் போனவளை நான் நேரில் பார்த்துப் பதினொரு வருடம். போன வாரம் அவளிடம் என் திட்டத்தை உற்சாகமாக ஒப்புவித்தேன்.

“ஞாயிறு மத்தியானம் உங்களிட்டச் சாப்பிட வாறன் அக்கா.”

“மத்தியானமோ?” என்றாள். “சரி, உன்ர விருப்பம்.”

அதற்குப் பிறகு என் அழைப்பை அவள் எடுக்கவேயில்லை.

பனிச்சறுக்கு விளையாட வசதி செய்திருக்கும் பெரிய மாலுக்கு முதலில் போனேன். ஜாக்கெட் அறுநூற்றைம்பது திர்ஹாம். விலையைப் பார்த்ததும் வேர்த்தது. திரும்பி சத்வாவுக்கே வந்து, எனக்குப் பழக்கமான பரமக்குடித் தையல்காரர் முருகேசனின் கடைக்குள் நுழைந்தேன். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன கோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அளவைக் குறைத்துத் தர நூற்றிருபது கேட்டார்.

“அங்க யாருண்ணே இருக்கா?” நான் போட்டிருந்த கோட்டின் கையைச் சுற்றிக் குண்டூசி குத்தியபடி கேட்டார்.

“அக்கா. ஆனா நான் ஹோட்டல்ல நிக்கிறன். ஏன் ஆக்களுக்குக் கரைச்சல்? எங்கட ரூமில ஆறு பேர். ஒருத்தர் விருந்தாளி எண்டு வந்தா, ஒருத்தர் நிலத்திலதான் படுக்கோணும்.”

“அக்கா வீட்லயும் ஆறு பேராண்ணே?”

சும்மாதான் கேட்டார். ஒன்பது வருடமாகக் கட்டிலைச் சுற்றித் திரை கட்டி வாழ்ந்ததில், சொந்த அக்கா வீட்டையும், கட்டிலுக்கு மட்டும் வாடகை கட்டும் பெட்ஸ்பேஸ் கணக்கில் சேர்த்துவிட்டிருக்கிறேன்.

கோட்டோடு வேர்த்து வழிய நின்று ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவளே வீடியோவில் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“விசரா, கழட்டு அதை. அத்தான்ர கோட்டு ரெண்டு இஞ்ச சும்மா கிடக்கு.”

“அக்கா, ஹோட்டல் வேண்டாம். நான் உங்களோடயே நிக்கிறன்.”

சிரிப்பு நின்றது.

“பின்னறைக்குப் பெயின்ட் அடிச்சனான். கட்டிலும் வாங்கிப் போட்டிருக்கிறன்,” என்றாள். “அதென்ன நூலகம் எண்டு சொன்னனி? எப்ப போறாய்?”

“புதன்கிழமை. நீங்கள் பாத்திருப்பியள்தானே?”

“எங்க? எனக்கு முதியோர் இல்லத்தில வேலை, விட்டா வீடு. ஆரோட போறது? நீ வாறாய் எண்டுதான் முழுக்கிழமையும் லீவு போட்டனான்.”

அவள் முழுக்கிழமையை எனக்காக ஒதுக்கியிருந்தாள். நான் அவளுக்கு ஒரு மத்தியானத்தை ஒதுக்கியிருந்தேன்.

கோட்டைக் கழற்றி, வேண்டாமென்று முருகேசனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த வெயிலிலும் தெரு முனையிலிருந்து உலகத்திலேயே உயரமான கோபுரம் தெளிவாகத் தெரிந்தது. தினமும் பார்க்கிற கோபுரம், ஒருநாளும் ஏறியதில்லை. தனியாக ஏறி என்னத்தைப் பார்ப்பது என்று ஒன்பது வருடமாக விட்டுவைத்திருக்கிறேன். அக்காவும் அந்த நூலகத்தை அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறாள்.