கடைவாய்ப் பல்

வண்டிக்காரர் பெரிய முன்கோபி. இரண்டு வருடமாகக் கடிவாளத்தை இழுத்தாலே அவருடைய குதிரை தலையை உதறியது. தீவனத்தையும் பாதி மென்று துப்பியது. "எல்லாம் திமிரு" என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

குதிரை வளர்ப்போருக்கான பயிற்சி முகாமுக்கு மனைவி நச்சரித்ததால்தான் போனார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு இவர்கள் என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்று கடைசி வரிசையில் கண்ணயர்ந்தார். செய்துகாட்ட ஒரு குதிரை வேண்டும் என்று முகாமுக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் கேட்க, வாசலில் நின்ற இவருடைய குதிரையையே அவிழ்த்து வந்துவிட்டார்கள்.

டாக்டர் அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். கடைவாய்ப் பற்களின் விளிம்பு கத்தியாகத் தேய்ந்திருந்தது. உள்கன்னமெல்லாம் புண்.

"கடிவாளத்த இழுக்கிறப்பல்லாம் இது குத்தியிருக்குமே. தலைய உதறலையா?"

எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்கிறவர், குனிந்து குதிரையின் வாய்க்குள் பார்த்தார். டாக்டர் பற்களை அரத்தால் ராவிவிட்டு, புண் ஆறும்வரை கடிவாளமே கூடாது என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கழுத்துக் கயிற்றைத் தளரப் பிடித்தபடி வீடுவரை நடந்தே வந்தார். வழியில் குதிரை ஒருமுறைகூடத் தலையை உதறவில்லை.

மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். "என்னங்க, வண்டி எங்க? மறுபடியும் திமிரு பண்ணிச்சா?"

"திமிரு அதுக்கு இல்லடி" என்றார். "எனக்குத்தான்."