சமையலறை உள்ள வீடு

“வூட்டுக்குள்ள நம்மள வுடுவாங்களா?” என்று, சுற்றுலா போக நாள்வாடகைக்கு நான் வீடு பதிந்த அன்றே அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். ஓட்டல் வேண்டாம், வீடென்றால் சமைத்துக்கொள்ளலாம், ஆப்பில் பணமும் கட்டியாயிற்று என்றேன்.

திருவிடந்தையில் வீட்டுக்கார அம்மாள் சிரித்தபடி சாவியை நீட்டுகிறார். உள்ளே அடுப்பில் பால் காய்கிறது.

“எந்த ஊரும்மா நீ?”

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தைச் சொல்கிறேன்.

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிதாங்க.”

நீட்டிய சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

“கேஸ் தீந்துபூட்ச்சி கண்ணு. நீ ஓட்டல்லயே தங்கிக்கோ, சவுரியமா இருக்கும்.”

“பால் பொங்குதுங்க” என்கிறேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமல்லபுரம் ஓட்டலில் ஆதாரை மட்டும் கேட்கிறார்கள். வரும் வழியில் பேருந்திலேயே, அவர் கேள்வியையும் என் பதிலையும் அந்த வீட்டுக்கான ரிவ்யூவில் என் முழுப் பெயரோடு போட்டுவிட்டேன்.