வைத்தியலிங்கம் வாங்கிக்கொண்ட மெமோ

வைத்தியலிங்கம் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. அழுகை பிறகுதான் வந்தது. எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு உண்மை இனி என் ஒருவனிடம்தான் இருக்கிறது. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் கம்பு ஆராய்ச்சியில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் ஆய்வுக்கூடம், நான் வயல். தண்ணீர் இல்லாமல் வாடும் பயிர், புரோலின் என்ற பொருளை இலையில் சேர்த்துக்கொள்ளும். எந்தச் செடி எவ்வளவு சேர்க்கிறது என்று அளந்து, புது ரகத்துக்குத் தாய்ச்செடி பொறுக்குவோம். யாராவது அவசரப்பட்டால், "தாங்குமா தாங்காதான்னு எலைய கேளு, என்னெ கேக்காதே" என்பார். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு கம்பின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். மற்றவை சுருண்டபோதும் அது பச்சையாக நின்றது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பயிரோ பூக்கும் பருவத்தில் இருந்தது, அன்றைக்கு விட்டால் அந்த ஆண்டே போய்விடும். நைனார்பாளையம் பக்கத்து வயலில் நண்பகலில் இலை பறித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கிளம்பினோம். எது எந்தச் செடியின் இலை என்று பொட்டலத்தில் வைக்கும் சீட்டுகளைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். என் பென்சில் முனை உடைந்திருந்தது. சீவச் சோம்பல்பட்டு மைப்பேனாவால் எழுதினேன்.

வழியில் பைக்கை மறித்தார்கள். கைகளில் அரிவாள், கோடாலி. "பொட்டில இன்னா?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். நான் பெட்டியைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் ஓடினேன். ஆம், அவரை விட்டுவிட்டு ஓடினேன். தோகை முகத்தைக் கிழிக்க, உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"கம்பு எலைங்க" என்று வைத்தியலிங்கத்தின் குரல் கேட்டது. "எது காயறத தாங்குதுன்னு பாக்கணும்."

"காயறத தாங்கறது எப்டின்னு எங்கள கேட்டா சொல்ல மாட்டமா?" என்றார் ஒரு பெரியவர். யாரோ சிரித்தார்கள். சிதறிய பொட்டலங்களை அவர்களே பொறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் நான் கரும்பிலிருந்து வெளியே வந்து பைக்கில் ஏறினேன்.

ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால், ஐஸ் தண்ணீரில் சீட்டுகளின் மை கரைந்து ஓடியிருந்தது. எது மலைக் கம்பு, எது மற்றது என்று தெரியவில்லை.

"பச்சையா இருக்கறதுதான் மலைக் கம்பு. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ" என்றேன்.

"ரோட்டுல வந்த பயம் ரெண்டு நாள்ல போயிடும் சேகர். இத எழுதினா வர்ற பயம் போவாது" என்று சொல்லிவிட்டு, எல்லா இலைகளையும் வெளியே கொட்டினார்.

மேலதிகாரியிடம் ஐஸ் உருகிவிட்டது, தன் தப்பு என்றார். மெமோ அவருக்கு வந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. மற்றவற்றுக்கு முந்தைய ஆண்டு அளவுகள் இருந்தன; புதிதாக வந்த அந்த மலைக் கம்புக்கு எதுவும் இல்லாததால் அதைச் சோதனையிலிருந்து நீக்கினார்கள். மறுபடி விதைக்க அவர் கேட்டுப் பார்த்தார். அந்த மெமோவைக் காட்டியே மறுத்துவிட்டார்கள். அப்போதும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், "உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையே" என்றேன்.

"இன்னா தைரியம்? நீ ஓடினியே, உன் பின்னாலயே நானும் ஓடத்தான் பாத்தேன். கால் வர்ல" என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதன் பிறகு ஒரு எண்ணைக்கூட நான் ஊகித்து எழுதவில்லை. ஆனால் தெரிந்த ஒன்றை இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன். அந்த மெமோவில் இருந்திருக்க வேண்டியது என் பெயர்.