நிசாரின் கடிதங்களில் நான் எழுதியவை

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது. மனைவி மகளைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தாள். சோறு ஆக்குவதும் புத்தகம் வாசிப்பதும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய காரியங்கள் என்று நான் முப்பது வருடங்களாக நம்பி வருகிறேன். முப்பது வருடங்களாகச் சட்டிகள் அதை மறுத்து வருகின்றன. ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் மணம் போகவில்லை. அந்த மணத்தோடு உட்கார்ந்து பாணும் பருப்பும் சாப்பிடும்போதுதான் நிசாரின் நினைவு வந்தது.

நிசாரை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் இருந்தது அவன் வீடு. ஒரே பிள்ளை. வாப்பா அவன் சிறுவனாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். நான் அறிந்தவரையில் ஒரு முழுக் கலியாணத்தின் சோற்றையும் அடிப்பிடிக்க வைத்த ஒரே மனிதன் அவன்தான். கலியாணம் அவனுடைய சாச்சி மகளுக்கு. கொழும்பில் பெரிய ஹோட்டலில் சமைக்கிற மகன் லீவில் வந்து நிற்கும்போது சமையல்காரனை வெளியில் தேடுவதா என்று அவனுடைய உம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன்.

நிசார் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், சோத்துக்கு எவ்வளவு தண்ணி வைக்கிற?"

"நான் கணக்கு வாத்தியார்டா."

"அப்ப கணக்குப் பாத்துச் சொல்லு."

சொன்னேன். மாவடிப்பள்ளியில் தொண்டர் ஆசிரியராக நான் கற்பித்துக்கொண்டிருந்த கணக்கின் தரம் அன்று ஊருக்கே தெரிந்தது. மேலே அரிசி, கீழே கரி. மாமி மட்டும் அசரவில்லை. "ஹோட்டல்ல கேஸ் அடுப்பு. இஞ்ச விறகு. புள்ளைக்குப் பழக்கமில்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நிசார் எந்த ஹோட்டலிலும் இல்லை. ஆமியில் சிப்பாயாக இருந்தான். அது எனக்கு மட்டும் தெரியும்.

அது சண்டைக் காலம். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்சத் தூரம் நடந்து, மறுபடி ஏறித்தான் எங்கேயும் போவோம். ஒரு பக்கம் சந்தேகப்பட்டால் மற்றப் பக்கமும் சந்தேகப்படும். "தெரிஞ்சா உம்மா அழுவா, அது பரவாயில்ல. ஊர் கதைக்கும், அதுவும் பரவாயில்ல. ஆமிக்காரன்ட வீடெண்டு நான் இல்லாத நேரம் இயக்கம் வந்து கதவத் தட்டினா?" என்று நிசார் கேட்டான். அதனால்தான் அந்த ஹோட்டல். லீவில் வரும்போது ஒட்ட வெட்டிய தலையைத் தொப்பி மறைத்தது. ஐந்து நேரமும் தொப்பியோடு திரிகிற நிசாரைக் காட்டி என் வாப்பா எனக்கு உபதேசம் செய்தார்.

கடிதங்களை என் பாடசாலை விலாசத்துக்குத்தான் அனுப்புவான். மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அசர் தொழுகைக்குப் பிறகு நான் போய் வாசித்துக் காட்டுவேன். அவர் பாயில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் தலையை மூடி, குர்ஆன் ஓதக் கேட்பதற்கு இருப்பதைப் போலத் தயாராக இருப்பார். நிசார் எழுதுவதோ நாலே வரி. 'நான் சுகம். இஞ்ச மழை. கால்ல போட்ட சப்பாத்துக் காயுதில்ல. உம்மாவுக்குச் சலாம் சொல்லு.' அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் இதை வாசித்துவிட்டு எழும்பி வர முடியுமா?

முதலில் மழையை மட்டும்தான் கொழும்புக்கு மாற்றினேன். பிறகு ஹோட்டலுக்கு ஒரு மனேஜரைக் கொடுத்தேன். மனேஜருக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். நான் எழுதும் கதைகளெல்லாம் பத்திரிகைகளுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே எனக்கென்று ஒருவர், கையில் தேத்தண்ணியும் தந்து, வாய் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விடுவேனா? மனேஜரின் மகளுக்கு மூன்று மாப்பிள்ளை பார்த்தேன். மூன்றையும் குழப்பினேன்.

"போன கடிதத்தில அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு எழுதினான். இப்ப சுகமாமா?" என்று மாமி கேட்பார். அடுத்த கடிதத்தில் சுகப்படுத்துவேன்.

முடிவில் எப்போதும் ஒரு வரி வைப்பேன். 'உம்மா, உங்கட கையால தின்ட மீன் ஆணம் கனவில வருது.' மீன் குழம்பு வருகிற அந்த இடத்தில் மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருக்கும். நன்றாக எழுதிவிட்டோம் என்ற சந்தோசம். இப்போது நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் காலையில் ஆமி ட்ரக் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. வடக்கில் நடந்த சண்டையில் நிசார் இறந்துபோயிருந்தான். பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். திறக்கக் கூடாதென்று கட்டளை. எங்கள் ஊரில் குளிப்பாட்டாமல், கபன் துணியிடாமல், முகம் காட்டாமல் யாரையும் கொண்டுபோனதில்லை. பள்ளிவாசல் பெரியவர்களான மரைக்கார்மார் ஒரு பக்கமும் கூட வந்த அதிகாரி மறு பக்கமுமாக நின்று, ஆளுக்கொரு மொழியில், தணிந்த குரலில் நெடுநேரம் கதைத்தார்கள். பெட்டி திறக்கப்படவில்லை. மாமி அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஹோட்டல்ல வேல செய்ற புள்ளைய ஏன் மகன் ஆமி கொண்டு வாற?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பதினோராம் நாள் பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. நிசாரின் கையெழுத்து. வடக்கிலிருந்து தபால் வரும் வேகம் அப்படி. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுக் கொண்டுபோனேன். மாமி பாயில் உட்காரவில்லை. குசினி வாசலில் நின்றார்.

"எழுதியிருக்கிறத மட்டும் வாசி மகன்."

வாசித்தேன். 'மச்சான், சுகம். லீவு இன்னும் ரெண்டு மாசம் போகும் எண்டுறாங்க. உம்மாவுக்குச் சலாம். கூரை ஒழுகுதா எண்டு ஒருக்காப் பாரு.'

"மத்தது?"

"அவ்வளவுதான் மாமி."

"ஆணம்?"

இல்லை என்று தலையாட்டினேன். ஹோட்டல் விசயத்தில் மட்டும்தான் ஏமாற்றினேன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகுதான் விளங்கியது. இரண்டு வருடமாக அவர் மனதில் சேர்த்து வைத்திருந்த மகனில் பாதிக்கு மேல் நான்.

மாமி அழவில்லை. ஏசவும் இல்லை. "எல்லாக் கடிதத்தையும் கொண்டு வா. அவன்ட எது, உன்ட எது எண்டு எனக்குத் தெரியணும்" என்றார்.

மறுநாள் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுபோனேன். முன்பு ஒரு கடிதத்துக்கு அரை மணித்தியாலம் எடுத்தவன் அன்று அத்தனையையும் தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்து முடித்திருப்பேன். மழை. சப்பாத்து. நுளம்புக் கடி. சலாம். 'நாலு நாளாப் பல்லுவலி, நித்திரை இல்ல' என்ற வரி வந்ததும் மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பல்லு வலிச்சதா? எப்ப?"

ஒரு வருடத்துக்கு முன். அந்த வரியை நான் அவருக்கு வாசித்திருக்கவில்லை. அந்த வாரம் மனேஜர் மகளின் இரண்டாவது மாப்பிள்ளை வருகிற வாரம். பல்வலி இடைஞ்சலாக இருந்தது.

"கராம்பு வைக்கச் சொல்லி எழுதச் சொல்லியிருப்பேனே மகன்" என்றார். நான் செய்த காரியங்களில் எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

இன்னும் ஒரு கடிதம் எனக்கு மட்டுமாக எழுதியது. தயங்கினேன். "அதையும் வாசி" என்றார்.

'டேய், உம்மாட்ட என்னத்தடா வாசிக்கிற நீ? லீவில வந்தப்ப மனேஜர்ட மகள் ஏன் அந்தக் காலி ஊர் மாப்பிள்ளைய வேணாமெண்டா எண்டு என்னைப் புடிச்சிக் கேக்கிறா. ஆருடா அந்தப் புள்ள? எனக்கே ஆசையாக் கிடக்கு.'

மாமி சிரித்தார். தலையிலிருந்து சேலைத் தலைப்பு விழுகிற அளவுக்குச் சிரித்தார். மையித்து விழுந்த துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மாமி அந்தக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, தடவி, மடித்து, தனியாக வைத்துக்கொண்டார்.

"இது அவன்ட" என்றார்.

சுனாமி வந்த அன்று மாமி மாவடிப்பள்ளியில் சாச்சி வீட்டில் இருந்ததால் தப்பினார். ஒழுங்கையின் கடற்கரை முனை இல்லாமல் போனது. வீடும், அலுமாரியும், அதற்குள் இருந்த கடிதங்களும் அதோடு போயின. பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டுக்கு நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது போவேன். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் மாமி பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். "ஒரு கடிதம் சொல்லு மகன்."

நினைவிலிருந்து சொல்வேன். சுகம், மழை, பல்வலி. என்னை அறியாமல் எங்கேயாவது ஒரு நல்ல வரி புகுந்துவிடும். மாமி கண்ணை மூடியபடியே, "அது உன்ட" என்பார். வெட்டிவிட்டு மறுபடி தொடங்குவேன். ஒரு தடவைகூட அவர் பிழையாகச் சொன்னதில்லை.

மாமி மௌத்தாகி நாலு வருடமாகிறது. இதில் நிசார் எழுதியதாக நான் தந்திருக்கும் வரிகளை இப்போது திரும்ப வாசித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டு கொஞ்சம் நன்றாகவே இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. கேட்டுப் பார்க்க ஆளில்லை.