கிறிஸ்டோ மாற்றி எழுதிய கால்

ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஜிம் நடத்துகிறான் கிறிஸ்டோ. புதிதாக யார் வந்தாலும் முதலில் பெஞ்சின் விளிம்பில் மல்லாக்கப் படுக்கவைப்பான். ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மற்ற காலைத் தொங்கவிட வேண்டும். தொங்குகிற தொடை பெஞ்சில் படிந்தால் இடுப்புத் தசை இளக்கம். தூக்கிக்கொண்டு நின்றால் இறுக்கம். பிறகு காலை மாற்றிப் பார்த்து, இறுகிய கால் எது என்று அவரவர் அட்டையில் எழுதுவான். சேலத்தில் நாற்பது நாள் படித்ததை, நாற்பது வருஷம் படித்தவன்போல ஏற்காடு முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

பஸ் டிரைவர் ராஜேந்திரன் மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் ஓட்டி ஓட்டி, எழுந்து நின்றாலும் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரியே இருப்பார். அவர் அட்டையில் 'வலது' என்று எழுதி, தினமும் அந்தக் காலை நீட்டி இழுக்கச் சொன்னான் கிறிஸ்டோ. அவரும் பஸ் ஸ்டாண்டில், குரங்குகள்கூட வரிசைகட்டி வேடிக்கை பார்க்க, ஒரு நாள் விடவில்லை.

நேற்று மறுபடி படுக்கவைத்தான். தொங்கவிட்ட கால் மலை உச்சியிலிருக்கும் சேர்வராயன் கோயிலை எட்டிப் பார்ப்பதுபோலத் தூக்கியபடியே நின்றது.

"ஏனுங்ண்ணா, ஊட்டுல ஒரு நாளாச்சும் செஞ்சீங்களா, இல்ல சும்மா ஏமாத்தறீங்களா?" ஜிம்மே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டான் கிறிஸ்டோ.

"செஞ்சனுங்க மாஸ்டர். நாஞ்செஞ்ச லட்சணம் சரியில்லாதயாட்ட இருக்குதுங்க. மன்னிச்சுக்கங்க" என்றார் ராஜேந்திரன், படுத்தபடியே.

கிறிஸ்டோ அட்டையை எடுத்தான். வலது என்றிருந்தது. எதிரே தூக்கி நின்றதோ இடது. அவர் கட்டிப்பிடித்திருந்ததுதான் வலது. தொங்குகிற காலைச் சோதித்துவிட்டு, கட்டிப்பிடித்த காலை எழுதியிருக்கிறான். மூன்று மாதமாக அந்த மனுஷர் நல்ல காலை இழுத்திருக்கிறார்; அதற்கு மன்னிப்பும் அவரே கேட்டுவிட்டார். கிறிஸ்டோவின் முகம் பழுத்த காப்பிப் பழமாகிவிட்டது.

குனிந்து அவர் காதோரம், "தப்பு என்மேலதானுங்ண்ணா. கால மாத்தி எழுதிட்டேன்" என்றான்.

"திட்டுனது நல்லாக் கேட்டுச்சுங்க மாஸ்டர். இது காதுல உழுவலைங்களே."

நிமிர்ந்தான். எல்லோர் பக்கமும் திரும்பினான்.

"ராஜேந்திரண்ணன் ஒரு நாள் உடாம செஞ்சிருக்காருங்க. நாந்தான் தப்பான கால எழுதிக் குடுத்துட்டேன்."

மிஷன் ஸ்கூல் டீச்சர் ஆரோக்கியசெல்வி டம்பெல்லைக் கீழே வைத்தாள்.

"ஏப்பா கிறிஸ்டோ, அப்ப எனக்கு எழுதுனது?"

அங்கே இருந்த ஏழு பேரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். கிறிஸ்டோ எல்லார் அட்டைகளும் இருந்த பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினான். பெஞ்சைத் துடைத்தான்.

"ஒவ்வொருத்தரா வந்து படுங்க" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.