கசக்காத காய்ச்சல் மருந்து

இன்று கலஹா ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மருந்துக்கடை முதலாளியின் காலடியில் ஒரு பெட்டி. உள்ளே, மலேரியாவைத் தீர்க்கும் கொயினா துளியும் இல்லையென்று சுகாதார இன்ஸ்பெக்டர் போன வாரம் பறித்துப்போன அதே காய்ச்சல் மருந்து.

"திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"சபை மெம்பர் ஒரு வார்த்தை சொன்னாரு தம்பி. இன்ஸ்பெக்டருக்கும் மாற்றல்."

நடுங்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒரு போத்தலை வாங்கி, விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"இனிக்குதுங்களே! கொயினான்னா கசக்கணுமே?"

"புள்ள துப்பாம குடிக்கணும்ல? அதுக்குத்தான்."

"வேணாம் அக்கா, தோட்டத்து டிஸ்பென்சரியில கேளுங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். "கேக்கட்டும். அங்கேயும் இனிமே நம்ம மருந்துதான்."

அவள் போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு எங்கே போவாள்?

மெம்பருக்கு ஓட்டுப் போட்ட நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதைக் கொடுப்பீர்கள்? சொல்லுங்கள்.